உள்நாக்கு விழுந்த கிழமை

என் மகள் தண்ணீர் குடிக்கும்போது நான் செய்துகொண்டிருக்கிற வேலையை நிறுத்திவிடுவேன். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தால் கத்தி அந்தரத்தில் நிற்கும். தொண்டைக்குள் தண்ணீர் இறங்குகிற அந்தச் சின்னச் சத்தம் கேட்ட பிறகுதான் என் மூச்சு வெளியே வரும். அவளுக்கு இப்போது கலியாண வயது. "என்னம்மா, நான் விழுங்கிற மிடறை எண்ணிறியளோ?" என்று கேலி செய்வாள். அவளுக்குச் சிரிப்பு வருகிறது. எனக்கு இன்னும் வரவில்லை.

இது நடந்தது இந்த ஜப்பான் யுத்தத்துக்கு முன். அவளுக்கு அப்போது ஒன்பது வயது. என் கணவர் மலாயாவில் புகையிரதப் பகுதியில் கிளாக்கராக இருந்தார். சில வருடங்களுக்கு ஒருமுறை லீவில் வந்து போவார். இப்போது அங்கிருந்து கடிதம்கூட வருவதில்லை. புத்தூரில் எங்கள் வளவும் என் மச்சாள், அதாவது அவருடைய தமக்கையின் வளவும் ஒரே வேலிக்கு இரண்டு பக்கம். வேலியில் ஒரு பொட்டு இருந்தது; ஆள் குனிந்து நுழையக்கூடிய ஓட்டை. மச்சாள் தெருப் படலையால் வந்ததை நான் கண்டதே இல்லை. எந்நேரமும் அந்தப் பொட்டால்தான் வருவார். வருடாவருடம் வேலி அடைக்கும்போது அந்த இடத்தில் ஓலை வைக்கவேண்டாம் என்று வேலைகாரருக்குச் சொல்லிவிடுவார்.

மச்சாளுக்கு ஒரே மகன் இருந்தான். என் மகள் பிறந்த அன்றே அவளைக் கையில் வாங்கி, "இவள் என்ரை வீட்டுக்கு" என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லிவிட்டார். அந்தப் பெடியன் ஏழு வயதில் தொண்டை அடைப்பான் வந்து செத்தான். தொண்டைக்குள் வெள்ளைத் தோல் படர்ந்து மூச்சை அடைக்கிற நோய் அது. ஆஸ்பத்திரியில் கழுத்துக் குழியில் துளை போட்டு மூச்சு விடச் செய்யப் பார்த்தார்கள். கொண்டு போனதே பிந்தித்தான். ஆனால் மச்சாள் கண்டது கழுத்தில் கத்தி; பிறகு பாயில் சுற்றிய பிள்ளை. இடையில் இருந்த வேறொன்றும் அவர் மனதில் தங்கவில்லை. அதன் பிறகு என் மகளுக்கு ஒரு தும்மல் வந்தாலும் வேலிக்கு அந்தப் பக்கத்தில் கேட்கும்.

மாரி தொடங்கினால் என் மகளுக்குத் தொண்டை நோவு வரும். கொத்தமல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் அவித்துக் கொடுப்பேன். கற்பூரவள்ளிச் சாற்றில் தேன் விட்டுத் தடவுவேன். உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வைப்பேன். மச்சாள் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து வெளியே கழுத்தில் பற்றுப் போடுவார். ஒரு கிழமைக்குள் நோவு போய்விடும். அந்த வருடம் போகவில்லை. காய்ச்சலும் சேர்ந்து வந்தது. சோற்றைக் கண்டால் அழுதாள்.

மச்சாள் வந்து அவளை முற்றத்து வெயிலில் மர வாங்கில் இருத்தினார்.

"வாயைத் துற, பிள்ளை. ஆ எண்டு. இன்னும் வடிவாய். பாத்தியே மச்சாள், உள்நாக்கு விழுந்து கிடக்கு. உதுதான் அவளுக்குத் தொண்டையிலை முட்டுது." என்னையும் அவர் மச்சாள் என்றுதான் கூப்பிடுவார்.

எங்கள் பக்கத்தில் தொண்டை நோவுக்கு இது ஒரு பேர்போன காரணம். உள்நாக்கு விழுந்துவிட்டால் அதைத் தூக்க வேண்டும். தூக்குவதற்கு வாய்க்குள் கை வைப்பதில்லை. உச்சியில் ஒரு பிடி மயிரை எடுத்து, விரலில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஒரு வெட்டில் சட்டென்று மேலே இழுக்க வேண்டும். மண்டைத்தோல் 'டிக்' என்று சத்தம் போட்டால் உள்நாக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம். சத்தம் வராவிட்டால் வரும்வரை இழுக்க வேண்டும். எனக்கும் சின்ன வயதில் இழுத்திருக்கிறார்கள். நான் படித்த பெண்கள் பள்ளிக்கூடத்து விடுதியில், சுகாதாரப் பாடத்தில் தொண்டையின் படத்தைக் கீறிப் பழகிய அதே பெட்டைகள், நோவு வந்தால் ஒருவர் தலையை ஒருவர் பிடித்து இழுத்தோம். அதனால் நான் மறுக்கவில்லை. அவளுடைய தோள்களை அமத்திப் பிடித்துக்கொண்டேன்.

முதல் இழுப்பில் அவள் கத்தினாள். சத்தம் வரவில்லை. இரண்டாவது இழுப்பில் அவளுடைய கால் இரண்டும் நிலத்தை விட்டுக் கிளம்பின.

"ஐயோ மாமி! விடுங்கோ மாமி! அம்மா, சொல்லுங்கோவன்!"

"ஒரு இமைப்பொழுது, என்ரை குஞ்செல்லே. வடிவாய்ப் பிடி மச்சாள், உவள் துள்ளுறாள்."

மூன்றாவது இழுப்பில் எனக்கே கேட்டது. சுள்ளி முறிந்தாற்போல ஒரு சத்தம். மச்சாளின் விரலில் சுற்றிய மயிர் அப்படியே விரலோடு வந்துவிட்டது. உச்சியில் காற்சதக் காசு அளவில் தோல் வெளித்தது. அதில் சிவப்புப் புள்ளிகள் ஒவ்வொன்றாக முளைத்துப் பெருத்தன.

"கேட்டனியே?" என்றார் மச்சாள். முகம் எல்லாம் சந்தோசம்.

"ஓம், கேட்டது."

"இப்ப நோகுதோ, பிள்ளை?"

என் மகள் மச்சாளின் விரலைப் பார்த்தாள். மயிர் இன்னும் அதில் சுற்றிக்கிடந்தது. கண்ணீரை விழுங்கிக்கொண்டு, "இல்லை மாமி. நோகேல்லை. சுகம் வந்திட்டுது" என்றாள்.

அடுத்த நாளும் அதையே சொன்னாள். மச்சாள் பொட்டால் தலையை நீட்டி, "எப்பிடி?" என்று கேட்கும்போதெல்லாம், "சுகம் மாமி" என்று உடனே பதில் வந்தது. கஞ்சியைப் பேணியில் வாங்கிக்கொண்டு குசினிக்குப் பின்னால் போய்விடுவாள். வெறும் பேணியோடு திரும்பி வருவாள். ஆறுதலாக இருந்தது. வேறொன்றும் கதைக்காமல் இருக்கிறாளே என்று நினைத்தேன். களைப்பாக்கும் என்று விட்டுவிட்டேன்.

அதற்கடுத்த நாள் காலையில் முருங்கையடியில் கோழிகள் முழுக்கக் கூடி நின்று எதையோ கொத்திக்கொண்டிருந்தன. போய்ப் பார்த்தேன். கஞ்சிப் பருக்கை. காய்ந்ததும் புதிதுமாக, நாட்கணக்கில் ஊற்றிய கஞ்சி.

அவள் கிணற்றடியில் குந்தியிருந்தாள். மடியில் என்னுடைய பழஞ்சீலைத் துண்டு ஒன்று. அது சொட்டச் சொட்ட நனைந்து, ஓரத்தில் சிவந்து கிடந்தது. எச்சிலை விழுங்க முடியாமல் அதில் துப்பிக்கொண்டிருந்திருக்கிறாள். கழுத்தின் இடப்பக்கம் காதடிவரை வீங்கியிருந்தது. நெற்றியைத் தொட்டேன். அடுப்புக்கல் போலச் சுட்டது.

"வாயைத் துற."

திறக்க முடியவில்லை. பல்லும் பல்லும் ஒரு விரல்நுனி போகிற அளவுகூட விலகவில்லை. ஏதோ சொன்னாள். சுடுசோற்றை வாய் நிறைய வைத்துக்கொண்டு பேசுகிறவளைப் போல இருந்தது குரல். என் பிள்ளையின் குரல் இல்லை.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அவள் கையைத் தூக்கித் தன் உச்சியைக் காட்டினாள். அவ்வளவுதான்.

நான் பொட்டுக்குள் நுழைந்து மச்சாள் வளவுக்கு ஓடினேன். மச்சாளின் புருசன் புகையிலைக் கன்றுக்குத் தண்ணீர் இறைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு நின்றார். அதிகம் கதைக்காத மனிதர். அவரிடம் ஒற்றை மாட்டுத் திருக்கல் வண்டில் ஒன்று இருந்தது.

"அண்ணை, திருக்கலைப் பூட்டுங்கோ. பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேணும். வாய் பூட்டிப்போச்சு."

அவர் நேரே மாட்டை அவிழ்க்கப் போனார். வீட்டுக்குள்ளே சுளகு விழுகிற சத்தம் கேட்டது. மச்சாள் வாசலில் வந்து நின்றார்.

"எங்கை? எங்கை கொண்டு போறாய்?"

"ஆஸ்பத்திரிக்கு மச்சாள். உள்ளுக்கை கட்டி வைச்சிருக்கு. உள்நாக்கு விழேல்லை."

"நீ என்ன, உள்ளுக்கை போய்ப் பாத்தனியோ? கட்டியெண்டால் அமத்தினால் உடையும். சுட்ட உப்பும் மிளகும் பெருவிரலிலை வைச்சு ஒரு அமத்து. அதுக்கேன் கத்தி?"

"வாய் துறக்குதில்லை. விரல் போகாது."

"துறக்கப் பண்ணலாம்."

"மச்சாள், பிள்ளைக்கு மூச்சு முட்டுது. நிண்டு கதைக்க நேரமில்லை."

நான் திரும்பி ஓடிவந்தேன். மகளைக் குசினித் திண்ணையில் படுக்க வைத்துவிட்டு, சீலை மாற்றவும் துவாய் எடுக்கவும் உள்ளே போனேன். அந்த இடைவெளிதான். குசினியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது அழுகை இல்லை. வாய் பூட்டிய பிள்ளை மூக்கால் கத்துகிற சத்தம். 

போய்ப் பார்த்தபோது என் மகள் குசினி நிலத்தில் மல்லாந்து கிடந்தாள். மச்சாள் அவள் நெஞ்சுக்கு மேலே முழங்காலை ஊன்றியிருந்தார். பிள்ளையின் இரண்டு கையையும் சேர்த்து மற்றக் காலால் மிதித்திருந்தார். வலக்கைப் பெருவிரலில் கறுப்பாக உப்பும் மிளகும். இடக்கையில் பித்தளைக் கரண்டி. கரண்டிக் காம்பைப் பல்லுக்கிடையில் செருகி நெம்பிக்கொண்டிருந்தார். அவருடைய கண்ணிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "துற குஞ்சு, துறவடி, உன்னை வெட்டப்போகினம், துற" என்று சொல்லிக்கொண்டே நெம்பினார்.

நான் நுழைந்த கணத்தில் பல் உடைந்தது. அந்தச் சத்தமும் 'டிக்' என்றுதான் கேட்டது.

அதன் பிறகு நான் என்ன செய்தேன் என்பதை ஒழுங்காகச் சொல்ல முடியாது. மச்சாளின் கொண்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன் என்று தெரியும். அவர் சரிந்து விழுந்து எழும்பி என் முகத்தில் அறைந்தார். நான் திருப்பி அறைந்தேன். அவர் என்னை அடுப்பில் தள்ளினார். உலை வைத்த பானை கவிழ்ந்து சுடுதண்ணீர் நிலமெங்கும் பரவியது. வழுக்கி இரண்டு பேரும் விழுந்தோம். அவர் பெருவிரலில் இருந்த உப்பும் மிளகும் என் கண்ணுக்குள் போய்விட்டன. எரிகிற கண்ணோடு கைக்குக் கிடைத்ததைப் பிடித்துப் பிய்த்தேன்.

"விடடி!" என்று கத்தினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவரை 'அடி' போட்டுப் பேசினேன். "என்ரை பிள்ளையை விடடி!"

"உன்ரை பிள்ளையோ? உன்ரையோ? எனக்கு ஆரடி இருக்கினம்?"

கையைத் திறந்து பார்த்தபோது அவருடைய தோடு என் கைக்குள் இருந்தது. காதுச்சோணை கீழே இரண்டாகக் கிழிந்து தொங்கியது. ரத்தம் கழுத்தால் இறங்கிச் சட்டைக்குள் போயிற்று. நாங்கள் இரண்டு பேரும் அதற்குப் பிறகும் விடவில்லை.

அண்ணை வந்து வாசல் நிலையில் துவரந்தடியால் ஓங்கி அடித்தார். தடி இரண்டாக முறிந்தது.

"நிப்பாட்டுங்கோடி! கண் பொட்டையோ ரண்டு பேருக்கும்? அங்கை பாருங்கோ."

என் மகள் தவழ்ந்துபோய் முற்றத்தில் இருந்தாள். உடைந்த பல்லை உள்ளங்கையில் வைத்திருந்தாள். மூச்சு எடுக்கும்போது கழுத்துக் குழி உள்ளே போய் வந்தது. வாயோரத்தில் எச்சிலும் ரத்தமும் நூலாக இறங்கின. எங்களைப் பார்க்கவில்லை. படலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணை அவளைத் தூக்கித் திருக்கலில் வைத்தார். நான் ஏறினேன். வண்டில் படலையைத் தாண்டுவதற்குள் மச்சாள் முன்னால் ஓடிவந்து மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டார். மாடு மிரண்டு பின்வாங்கியது. வண்டில் ஒருபக்கமாகச் சரிந்தது.

"என்ரை பெடியனை ஏத்தின வண்டில் உது! அவனை இருத்திக் கொண்டுபோய்ப் பாயிலை சுத்திக்கொண்டு வந்தனீங்கள். இவளையும் சுத்தப்போறியளோ?"

"கயித்தை விடு" என்றார் அண்ணை.

"விடமாட்டன். என்னை ஏத்திப்போட்டுப் போங்கோ."

அண்ணை முறிந்த துவரந்தடியை ஓங்கினார். அவர் தன் மனைவிக்குக் கை ஓங்கி நான் அதுவரை கண்டதில்லை. அது காற்றில் நின்றது. பிறகு மெல்லச் சொன்னார்:

"கொண்டு போகாட்டிலும் பாய்தான். அவனைப் பிந்திக் கொண்டு போனம். கேக்குதோ? பிந்தி."

மச்சாள் கயிற்றை விட்டார். வண்டில் நகர்ந்தது. ஒழுங்கை முடிவதற்குள் பின்னால் ஓடிவரும் சத்தம் கேட்டது. ஓடுகிற வண்டிலின் சட்டத்தைப் பிடித்துத் தொங்கி ஏறி எனக்கு எதிரே வந்து இருந்துவிட்டார்.

"தனிய வெட்ட விடமாட்டன்" என்றார். என்னிடம் இல்லை, தெருவிடம்.

பட்டணம் போகிற அந்த வீதியில் எத்தனை முறை போய்வந்திருப்பேன்! அன்று அது நீண்டுகொண்டே போனது. அண்ணை அந்த மாட்டைப் பிள்ளை போல வளர்த்தவர். அன்று வாலை முறுக்கி, விலாவில் முறிந்த தடியின் கூர்முனையால் குத்தி ஓட்டினார். மாட்டின் முதுகில் கோடு கோடாகத் தோல் தடித்தது. கடைவாயில் நுரை தள்ளியது. என் மகள் என் மேலும் சாயவில்லை, மச்சாள் மேலும் சாயவில்லை. நடுவே நிமிர்ந்து இருந்து, திருக்கலின் கம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். எச்சில் வழியும்போது மச்சாள் தன் முந்தானையை நீட்டி ஏந்துவார். ஏந்திய பிறகு அதே முந்தானையின் மறு தலைப்பைத் தன் காதில் வைத்து அமத்துவார். நான் என் கையில் இருந்த தோட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் வழிநெடுகப் பொத்திக்கொண்டே இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் அவளை அதிக நேரம் சோதிக்கவில்லை. கழுத்தைத் தொட்டார், வாயருகே மணந்து பார்த்தார், உச்சியைக் கண்டார்.

"இதை ஆர் பிடுங்கினது?"

"நான்" என்றார் மச்சாள். தயங்கவே இல்லை.

"பல்லு?"

"அதுவும் நான்தான்."

"உங்கடை காது?"

மச்சாள் என்னைப் பார்த்தார். "மாடு முட்டினது."

பக்கத்தில் நின்ற தாதி, "கொம்பு என்னண்டு அம்மா தோட்டை மட்டும் கழட்டினது?" என்று கேட்டாள்.

"அது படிச்ச மாடு" என்றார் மச்சாள்.

டொக்டர் சிரிக்கவில்லை. டொன்சிலுக்குப் பின்னால் சீழ் கட்டியிருக்கிறது, இப்போதே கீறி விடவேண்டும், மயக்கம் கொடுத்தால் சீழ் மூச்சுக்குழலுக்குள் இறங்கிவிடும், அதனால் முழிப்பாகவே கதிரையில் இருத்திக் கீற வேண்டும் என்றார். தலை ஓர் எள்ளளவும் அசையக்கூடாது. கத்தி போகிற இடத்துக்குப் பக்கத்தில் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. கீறியதும் அவர் சொல்லுவார், அந்தக் கணமே தலையை முன்னுக்குக் கவிழ்க்க வேண்டும்.

"ஆர் தலையைப் பிடிக்கிறது? தாதிக்கு வாயைப் பிடிக்கிற வேலை."

"நான் பிடிக்கிறன்" என்றார் மச்சாள். "என்ரை கை நடுங்காது. இவளுக்கு நடுங்குது, பாருங்கோ."

"பிடுங்கின கை வேண்டாம். தாய் பிடிக்கட்டும்."

மச்சாளின் முகம் அப்போது இருந்தது போல, அவர் மகன் செத்த அன்றுகூட நான் கண்டதில்லை. கதிரைக்கு முன்னால் நிலத்தில் முழங்காலில் இருந்து, பிள்ளையின் கால்களைக் கட்டிப்பிடித்தார். கைகளையும் உடம்பையும் வெள்ளைத் துணியால் சுற்றியிருந்தார்கள். நான் பின்னால் நின்று அவள் தலையை என் நெஞ்சோடு சேர்த்து, நெற்றியில் ஒரு கையும் தாடையில் ஒரு கையுமாக இறுக்கினேன். அவள் கண்கள் மேலே திரும்பி என்னைப் பார்த்தன. முற்றத்து வாங்கில் மாமியின் விரலைப் பார்த்த அதே பார்வை.

தாதி பூட்டியிருந்த பல்லுக்கிடையில் ஓர் இரும்பைச் செருகித் திருகினாள். வாய் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. தாடை எலும்பு நெரிபடுவது என் கைக்குத் தெரிந்தது. இதைத்தான் மச்சாள் கரண்டிக் காம்பால் செய்யப் பார்த்தார். என் பிள்ளைக்கு இரண்டுக்கும் என்ன வித்தியாசம் தெரிந்திருக்கும்? உடம்பு முழுவதும் வில்லாக வளைந்தது. துணிக்குள்ளே கைகள் அடித்தன. நான் இறுக்கினேன். இன்னும் இறுக்கினேன். டொக்டர் நுனியை மட்டும் விட்டு மீதிக்குப் பிளாஸ்திரி சுற்றிய கத்தியை உள்ளே விட்டார்.

அவள் தொண்டையிலிருந்து வந்த சத்தத்தை எழுதமாட்டேன்.

"முன்னுக்கு!" என்று டொக்டர் கத்தினார். "தலையை விடுங்கோ! முன்னுக்கு!"

என் கை திறக்கவில்லை. கேட்டது, விளங்கியது, விட வேண்டும் என்று நானே எனக்குச் சொன்னேன். விரல்கள் இரும்பாகிவிட்டன. அசையக்கூடாது என்று சொன்னதை மட்டும் அவை பிடித்துக்கொண்டு நின்றன. அவளுடைய வாய்க்குள் பச்சையும் சிவப்புமாக நிரம்புவதை மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூக்கிலிருந்து குமிழி வந்தது. முகம் நீலம் பாரித்தது.

மச்சாள் காலை விட்டு எழும்பினார். என் இடக்கை விரல்களுக்குள் தன் விரலைக் கொடுத்து ஒரு வெட்டில் பிய்த்தார். என் சின்ன விரல் பின்பக்கமாக மடிந்து முறிந்தது. அந்த நோவில்தான் மற்றக் கையும் திறந்தது. அவர் பிள்ளையின் பிடரியைப் பிடித்துத் தன் மடியில் கவிழ்த்தார். முதுகில் ஓங்கி ஓங்கி அறைந்தார்.

"துப்படி! துப்படி என்ரை குஞ்சு! எல்லாத்தையும் துப்பு!"

எல்லாம் அவர் மடியில் வந்தது. அந்த நாற்றம் அறை முழுவதும் நிறைந்தது. சீழும் ரத்தமும் அவர் சீலையில் விழுந்து, நிலத்தில் வழிந்தன. அவர் அறைந்துகொண்டே இருந்தார். பிறகு, நீண்டு, அடியிலிருந்து, ஒரு மூச்சு உள்ளே போகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அழுகை. வாய் திறந்த, உண்மையான, பிள்ளையின் அழுகை.

"காணும், அம்மா, காணும்" என்று டொக்டர் மச்சாளின் கையைப் பிடித்து நிறுத்தினார். "வந்திட்டுது. விடுங்கோ."

மச்சாள் விட்டார். உடனே விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து என் மகள் தண்ணீர் கேட்டாள். தாதி பேணியில் கொடுத்தாள். குசினி, முற்றம், வண்டில் எல்லாம் ஓய்ந்துபோன அந்த அமைதியில், தண்ணீர் அவள் தொண்டைக்குள் இறங்குகிற சத்தம் கேட்டது. ஒரு மிடறு. முகத்தைச் சுளித்தாள். பிறகு இன்னொரு மிடறு. நாங்கள் இரண்டு பெண்களும் சுவரோடு சாய்ந்து நின்று, ஒரு பிள்ளை தண்ணீர் குடிப்பதைப் பார்த்து விம்மினோம். நான் கையைத் திறந்து தோட்டை நீட்டினேன். மச்சாள் வாங்கிப் பார்த்தார்.

"இதை இனி எங்கை கொழுவிறது? நல்ல கெட்டிக்காரி நீ" என்று சொல்லி மடியில் முடிந்துகொண்டார். என் விரலுக்கு மட்டை வைத்துக் கட்டினார்கள். சரியாகப் பொருந்தவில்லை. இன்றும் அது வெளிப்பக்கமாக வளைந்தே நிற்கிறது.

வீக்கம் முழுவதும் வற்றிய பிறகு வந்து அந்த டொன்சில் சதையை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மாரிக்கும் இதே கதைதான் என்று டொக்டர் சொல்லியிருந்தார். வீடு வந்த பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவள் தலையைத் தொட என்னை விடவில்லை. சீப்பைக் கையில் எடுத்தால் எழும்பிப் போய்விடுவாள். சிக்குப் பிடித்த தலையோடு பள்ளிக்கூடம் போனாள். உச்சியில் மயிர் போன வெட்டையில் பூனைமயிர் போல முளைக்கத் தொடங்கியது. ஆனால் பொட்டால் போய் மாமி வீட்டில் தோசை தின்றுவிட்டு வந்தாள். ஒரு நாள் அங்கிருந்து பின்னல் பின்னிக்கொண்டு வந்தபோது, நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

தை பிறந்ததும் மழை விட்டது. ஒரு நாள் காலையில் மச்சாளும் அங்கே இருக்கும்போது நான் துணிந்து சொன்னேன். இம்முறை மயக்கம் கொடுத்துத்தான் எடுப்பார்கள், நோகாது, ஒன்றும் தெரியாது என்றேன். மகள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மயக்கம் வருமட்டும் ஆர் பிடிக்கிறது?" என்றாள்.

"நான் பிடிக்கிறன், குஞ்சு."

"வேண்டாம். மாமி பிடிக்கட்டும்."

மச்சாள் கிழிந்த காதைத் தடவிக்கொண்டு, "நானோ? நான்தானே உனக்குப் பல்லை உடைச்சனான்" என்றார்.

"ஓம். உடைச்சனீங்கள்" என்றாள் என் மகள். "ஆனால் நீங்கள் பிடிச்சால் விடுவியள். அம்மா பிடிச்சால் விடத் தெரியாது."

அப்படித்தான் போனோம். அதே திருக்கல்; மாட்டின் விலாவில் பழைய தழும்பு. கத்தி என்ற சொல்லைக் கேட்டாலே எழும்பிப் போகிற மச்சாள், ஒரு காதில் தோடும் மறு காதில் வெறுமையுமாக, என் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த அறைக்குள் போனார். கதவு சாத்தியது. நான் வெளியே வாங்கில் இருந்தேன். வளைந்த விரலை மறு கையால் பொத்திக்கொண்டு, கதவுக்கு அந்தப் பக்கத்தில் அவள் விழுங்குகிற சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.